கடலடியில் ஆடாமல் நிற்க வைக்கிற என் தம்பி

என் தம்பியை ஊரில் எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பான்.

ஆடுகிற பொருள் எதுவும் அவனுக்கு ஆகாது. டீக்கடை மேசை ஆடினால் டீயைத் தொட மாட்டான். கீழே குனிந்து, பழைய பேப்பரை எட்டாக மடித்து, மேசைக் காலுக்கு அடியில் சொருகி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்ப்பான். அதற்குள் டீ ஆறிப்போகும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த நாற்காலி ஆடுகிறதென்று அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அந்தக் குடும்பப் போட்டோவில் மாப்பிள்ளைக்கு இன்றைக்கும் நாலு கால்.

அவன் வீட்டில் சோப்புப் பெட்டியைச் சுவரோடு முறுக்கி வைத்திருக்கிறான். கடிகாரத்துக்கு நாலு திருகு. பேட்டரி மாற்ற அரை நாள் ஆகும். தம்பி மனைவி என்னிடம் வந்து புலம்புவாள்.

"அண்ணி, ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஜன்னல் பக்கம் உட்கார முடியுதா? எல்லாத்தையும் தரையோட திருகிட்டாரு. ஜன்னலத்தான் இழுத்துட்டு வரணும் போலிருக்கு."

"உன்னை மட்டும்தான் இன்னும் திருகல," என்பான் அவன், உள்ளேயிருந்து.

"திருகிப் பாருங்களேன். சோறு யார் போடுறாங்கன்னு பாக்கலாம்."

இப்படிப்பட்டவனுக்குக் கடவுள் கொடுத்த வேலை, ஒரு நிமிடம்கூட சும்மா இருக்காத கடலுக்கு அடியில் சிலைகளை ஆடாமல் நிற்க வைக்கிற வேலை. கடவுளுக்கும் சிரிக்கத் தெரியும் என்று நான் நம்புவதற்கு என் தம்பி ஒருவன் போதும்.

எங்கள் படகுத்துறையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், மூன்று ஆள் ஆழத்தில், பதினெட்டு சிலைகள் இருக்கின்றன. முக்குளித்துப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். பெரிய மனிதர்கள் சிலைகள் ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த சிற்பி, எங்கள் மேலேயே மாவைப் பூசி அச்செடுத்துச் செய்தவை. மூச்சு விட மூக்கில் ஆளுக்கு இரண்டு குழாய் சொருகினார். நாவிதருக்கு அது கூசித் தும்மல் வந்தது. அந்த முகமே அச்சில் விழுந்துவிட்டது. இனிக் கடல் உள்ளவரை அவருக்குத் தும்மல் வரப்போகிறது, வராது.

நான் படகுத்துறைக்கு எதிரில் சலவைக்கடை வைத்திருக்கிறேன். என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, மடியில் மடித்த துணிக் கட்டோடு அச்செடுத்தார்கள். பதினெட்டிலும் கனமான சிலை என்னுடையதுதான். பெஞ்சு கனம் என்று சிற்பி சொன்னார். நல்ல மனிதர்.

சிலை செய்ததோடு அவர் போய்விட்டார். கல்லைக் கொண்டுபோய்க் கடலில் போட்டால் அது பாட்டுக்கு இருக்காதா என்று நானும் நினைத்தேன். தம்பி அன்றைக்கே என் சமையலறைத் தட்டில் மணலைப் பரப்பி, மிளகு டப்பாவை நடுவில் நிற்க வைத்து, ஒரு பக்கமிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். டப்பா நகரவில்லை. தண்ணீர் அதன் காலடியில் சுழன்று, முன்னால் ஒரு குழி பறித்தது. கொஞ்ச நேரத்தில் டப்பா, தண்ணீர் வந்த பக்கமாகவே தலைகுப்புற விழுந்தது. மிளகெல்லாம் தரையில்.

"பாத்தியாக்கா? தண்ணி தள்ளல. தள்ளினா நமக்கே தெரியும், புடிச்சுக்கலாம். இது காலுக்கு அடியில இருக்கிற மண்ண நைசா எடுத்துட்டு, 'ஐயோ பாவம், தானா விழுந்துட்டாங்க'ன்னு போயிடும்."

"நம்ம பெரியத்தை மாதிரி."

"அதேதான்."

அதனால் ஒவ்வொரு சிலைக்கும் அடியில் அகலமான தட்டு வைத்தான். தட்டைச் சுற்றி, பாவாடை விரித்த மாதிரி கற்களை அடுக்கினான். பாறை இருந்த இடத்தில் துளை போட்டு இரும்புக் கம்பி இறக்கினான். தையற்காரர் சிலையின் தையல் மெஷினை, தண்ணீர் வரும் திசைக்கு ஒடுக்கமான பக்கம் காட்டித் திருப்பி வைத்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சிலையில் குடை பிடித்து நின்றார். விரித்த குடை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆளையே இழுக்கும் என்று, குடையில் முப்பது ஓட்டை போட்டான். அந்த அம்மா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. "எங்கிட்ட படிச்ச பய, என் குடையில ஓட்டை போடுறான்" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேல், யார் எங்கே என்பதில்தான் அவன் சூட்சுமம் இருந்தது. அங்கே நீரோட்டம் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் முன்னால், வெறும் கடலைப் பார்த்து என்னை உட்கார வைத்தான். என்மேல் மோதித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும். பின்னால் இருப்பவர்கள் காலடி மண் தப்பிக்கும்.

அவன் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க நான் சாமியைக் கும்பிட்டபடிதான் இஸ்திரி போடுவேன். முதுகில் கட்டிக்கொண்டு போகும் காற்று ஒரு தடவைக்கு எட்டுச் சட்டை தேய்க்கும் நேரம் வரும். மேலே வந்ததும் படகுக்காரர் ஊதலை ஊதுவார். அவர் நீச்சல் தெரியாதவர். படகில் இரண்டு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஊதல் சத்தம் கேட்ட பிறகுதான் ஒன்பதாவது சட்டையை எடுப்பேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, கொந்தளிப்புக் காலம் முடிந்ததும் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா டேப்போடு வருவார். நாங்கள் வைத்த பெயர் அளவு அம்மா. தானே உள்ளே இறங்கி, வரைபடத்தை வைத்துக்கொண்டு பதினெட்டையும் அளப்பார். எந்தச் சிலையாவது தன் இடத்தைவிட்டு ஒரு சாணுக்கு மேல் நகர்ந்திருந்தால், மொத்தச் சிலைத் தோட்டத்தையும் தூக்கிவிடுவது என்று உத்தரவு. வேறொரு கரையில் ஒரு சிலை உருண்டு படகு வழியில் கிடந்ததாம். அங்கே எல்லாவற்றையும் தூக்கி ஒரு கிடங்குக்குப் பின்னால் போட்டுவிட்டார்களாம். அப்படி நடந்தால் என் தம்பி பழையபடி வீடு வீடாகப் போய் மின்விசிறி மாட்ட வேண்டியதுதான். கடலுக்கடியில் ஆடாமல் நிற்க வைத்தவன், மேலே சுற்றுவதை மாட்டிக்கொண்டு எப்படி இருப்பான்?

நாலு வருஷம் ஒரு விரல்கூட நகரவில்லை. ஐந்தாம் வருஷம் கெடுத்தது நான்தான்.

டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் பக்கத்தில், கீழே எடுத்த போட்டோக்களை மாட்டினார்கள். ஊரே போய்ப் பார்த்தது. எல்லாருக்கும் முகம் தெரிந்தது. எனக்கு முதுகு. அதுவும் ஓரத்தில், தனியாக, வீட்டைவிட்டு அனுப்பிய மாதிரி. நாவிதர் பார்த்துவிட்டு, "ஏம்மா, தம்பியோட சண்டையா?" என்று கேட்டார். அதை அங்கேயே விட்டிருக்கலாம். தம்பி வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"ஊரெல்லாம் கூடி உட்கார்ந்திருக்கு, கூடப் பொறந்தவ நான் மட்டும் திரும்பி உட்காரணுமா?"

"அக்கா, அது மரியாதையான இடம்கா. நீதான் முன்னால நின்னு எல்லாரையும் காப்பாத்துற."

"உட்கார்ந்துதானே இருக்கேன்."

"சரி, உட்கார்ந்து காப்பாத்துற."

"முதுகக் காட்டிக்கிட்டா?"

மறுபடி தட்டும் மணலும் எடுத்தான். எனக்கு மிளகு டப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணைத் துடைத்தேன். அவ்வளவுதான். ஆடுகிற மேசையைவிட அவனால் தாங்க முடியாதது நான் அழுவது. காற்றுப் பைகளைக் கட்டி என்னைத் தூக்கி, நடுவில் வைத்து, ஊரைப் பார்க்கத் திருப்பினான். அளவுக்கு முன்னால் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான்.

ஊரில் ஒருத்தருக்குச் செய்தால் விடுவார்களா?

"அக்காவுக்கு மட்டும் செஞ்சே. இருபது வருஷமா எதிர்ல இருக்கிற ரொட்டிக்கடைக்காரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சவரம் பண்றேன், கடல்ல அவன் பின்பக்கத்தப் பாக்கணுமா?" என்றார் நாவிதர்.

"என் முன்பக்கம் மட்டும் உனக்கு என்ன செஞ்சுது?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

தபால்காரம்மாவுக்கு சைக்கிள் போட்டோவில் முழுதாகத் தெரியவேண்டும். தையற்காரருக்கு மெஷின் அகலமாகத் தெரியவேண்டும். தலைமையாசிரியை ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: "குடை ஓட்டைய அடை." தம்பிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கொந்தளிப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று ஐந்து பேருக்கும் கேட்டபடி செய்துகொடுத்தான்.

அந்த வருஷம் கொந்தளிப்பு மூன்று வாரம் முந்தி வந்தது.

அது அடங்கியதும் தம்பி முக்குளித்துவிட்டு வந்து, என் கடையில் உட்கார்ந்து, மேசைக் காலை ஆட்டிப் பார்த்தான். மேசை ஆடவில்லை. அவன்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

"நாவிதர் ரொட்டித் தட்டுல மூஞ்சிய வச்சுப் படுத்திருக்காரு. தபால்காரம்மா சைக்கிள் பாதிக்கு மேல மண்ணுக்குள்ள. தையற்காரர் நல்லா திரும்பிட்டாரு. தலைமையாசிரியை குடையோட நாலடி நடந்து போயிருக்காங்க."

"நான்?"

"நீ மட்டும் அசையலக்கா. நடுவுல ஜம்முனு உட்கார்ந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்க."

அளவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலை ஐந்து பேரையும் என் கடைக்குக் கூப்பிட்டுத் தப்பை ஒத்துக்கொண்டேன். முதலில் எல்லாருக்கும் கோபம் வந்தது. பிறகு நாவிதர், "நான் எப்படி விழுந்து கெடக்கேன்?" என்று கேட்டார். "ரொட்டியில மூஞ்சி வச்சு," என்றான் தம்பி. ரொட்டிக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எல்லாருக்கும் கோபம் போயிற்று.

தையற்காரர் கிழிந்த மீன் வலைகளை வெட்டி, தலையணை உறை மாதிரி அறுபது பை தைத்தார். நாவிதரும் ரொட்டிக்கடைக்காரரும் அதில் கல் நிரப்பினார்கள். தபால்காரம்மா சைக்கிளிலேயே துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தலைமையாசிரியை ஒவ்வொரு பையையும் எண்ணி, முடிச்சு சரியில்லை என்று பாதியைத் திருப்பி அனுப்பினார். எட்டாம் நாளுக்குள் ஐந்து பேரும் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்; அசையாமல் நின்ற மற்றவர்களோடு சேர்த்துப் பதினேழு பேர் சரியாகிவிட்டார்கள். அவரவர் காலைச் சுற்றிக் கல் பை. குடையில் மறுபடி முப்பது ஓட்டை. இந்தத் தடவை அந்த அம்மாவே, "இன்னும் ரெண்டு போடு" என்றார்.

மீதி நான். என்னைத் தூக்கும்போது இரண்டு காற்றுப் பையில் ஒன்று கிழிந்துவிட்டது.

"ஒரு பை பாதி உன்னத்தான் தூக்கும்கா."

"மீதிப் பாதி பெஞ்சுடா," என்றேன்.

கடையின் பின்பக்கம் சோப்புத் தண்ணீர் வந்த டிரம் பன்னிரண்டு காலியாகக் கிடந்தன. தம்பியின் கண் அதில் விழுந்தது. அவற்றைத் தலைகீழாக என் பெஞ்சைச் சுற்றிக் கட்டி, குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டால் நான் தரையைவிட்டு ஓர் அடி எழும்புவேன், அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் காற்று மேலே வர வர உப்பும். ஓர் அடி எழும்பினால் இன்னும் கொஞ்சம் உப்பும், இன்னும் எழும்பும். அது அவனுக்குத் தெரிந்ததுதான். பதற்றத்தில் மறந்துவிட்டான்.

அன்றைக்கு நான் இஸ்திரி போடவில்லை, துறையிலேயே நின்றேன். மறுநாள் அளவு. ஆனால் சாமான்களை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகலாம் என்று அளவு அம்மா அன்றைக்கே வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"அங்க யாரோ குளிக்கிறாங்களா?"

பார்த்தேன். தலை, கொண்டை, தோள். சுற்றி வெள்ளை வெளேரென்று நுரை. நீரோட்டத்தோடு மெதுவாகத் துறையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. டிரம்மை யாரும் கழுவவில்லை.

"நான்தாம்மா," என்றேன்.

என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "நீங்க இங்க நிக்கிறீங்க."

"ஆமாம்மா. அதுவும் நான்தான்."

படகுக்காரர் படகில் எழுந்து நின்று, "அக்கா மேல வந்துட்டாங்க! அக்கா மேல வந்துட்டாங்க!" என்று அலறினார். தம்பி நுரைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கரையில் நின்ற அளவு அம்மாவைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போய்விட்டான்.

அவன் மேல் பழி விழக்கூடாது. போட்டோவில் தொடங்கி சோப்பு டிரம் வரை எல்லாவற்றையும் நானே சொன்னேன். முதுகு தெரிந்ததற்காக அழுததையும் சொன்னேன். அளவு அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"என் தேதி நாளைக்குக் காலைல பத்து மணி," என்றார் கடைசியில். "டேப் இன்னும் பைக்குள்ளதான் இருக்கு. வெளிய எடுக்காத டேப்புக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நாளைக்கு எடுப்பேன். ஒரு சாண்னா ஒரு சாண்தான், அரை விரல்கூட விட மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க படகு வழிக்குள்ள போயிட்டு இருக்கீங்கம்மா. சீக்கிரம் புடிக்கச் சொல்லுங்க," என்றார்.

படகுக்காரர் என் சிலையின் தோளில் கயிறு கட்டினார். கட்டும்போது, "மன்னிச்சுக்குங்கக்கா," என்று அதனிடம் சொன்னாராம். பழைய இடத்துக்கு மேலே தம்பி ஒரு மிதவையைப் போட்டிருந்தான். அதுவரை இழுத்துக்கொண்டு போனார்கள். இனி ஒவ்வொரு டிரம்மாகக் காற்றை விட்டு, என்னைச் சரியான இடத்தில், சரியான பக்கம் பார்க்க இறக்க வேண்டும். தவறினால் மறுபடி தூக்கப் பொழுதில்லை.

நான் கடைக்கு ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். வேறு எப்படி நேரம் பார்ப்பது? எட்டுச் சட்டை முடிந்தது. ஊதல் இல்லை. ஒன்பதாவது சட்டையை எடுக்கக் கை வரவில்லை. "கடவுளே, என் முகம் எந்தப் பக்கம் இருக்கணும்னு இனி நான் கேட்க மாட்டேன். அவனை மேல அனுப்பு," என்று வேண்டினேன். ஒன்பதாவது சட்டையையும் தேய்த்தேன். அதன் காலரில் இன்றைக்கும் பழுப்புத் தழும்பு இருக்கிறது. சட்டைக்காரர் தையற்காரர்தான், இன்னும் அதைத்தான் போடுகிறார்.

ஊதல் கேட்கவேயில்லை. வாசலில் ஈரக் காலோடு தம்பியே வந்து நின்றான்.

"ஊதல் எங்கடா?"

"நான் மேல வந்ததும் படகுக்கார அண்ணன் சந்தோஷத்துல கட்டிப் புடிச்சாரு. ரெண்டு மிதவைச் சட்டைக்கு நடுவுல ஊதல் சிக்கிக் கடல்ல விழுந்துடுச்சு."

இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அவன் தலையைத் துவட்டினேன். நாற்பத்தாறு வயது ஆள், துவட்ட வசதியாகக் கொஞ்சம் குனிந்து நின்றான்.

மறுநாள் பத்து மணிக்கு அளவு அம்மா இறங்கினார். துறையில் ஐந்து பேரும் வரிசையாக, பள்ளிக்கூடத்தில் முடிவு கேட்க நிற்பதுபோல் நின்றார்கள். இரண்டு தடவை மேலே வந்து காற்று மாற்றிக்கொண்டு போனார். மூன்றாம் தடவை படகில் ஏறிக் கரைக்கு வந்து, அளவு எழுதிய அட்டையைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார்.

"பதினேழும் கோட்டுல இருக்கு. நீங்க மட்டும் நாலு விரல் வலது பக்கம் உட்கார்ந்துட்டீங்க."

"நாலு விரல்..."

"ஒரு சாண் ஆகலம்மா."

நாவிதர் ரொட்டிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். தலைமையாசிரியை, "கையெழுத்துப் போட்டுக் குடுங்க முதல்ல," என்றார். அளவு அம்மா போட்டார். அறிக்கையின் கடைசிப் பத்தியில் தன் கையால், "முன்வரிசைச் சிலை மட்டும் மிகச் சுத்தமாக உள்ளது" என்று எழுதியிருந்தார். போகும்போது தம்பியிடம், "அடுத்த தடவை டிரம்மக் கழுவிட்டுக் கட்டுங்க. மீனுக்கு ஆகாது," என்று மட்டும் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது முக்குளிக்கிறவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தும் என்னைப் படம் எடுக்கிறார்கள். அதில் ஒன்றைத் தம்பி சட்டம் போட்டு என் கடையில் மாட்டினான். மாட்டினான் என்பது சும்மா சொல்வது. ஆறு திருகு போட்டு முறுக்கினான். அவன் போன பிறகு எதிரே நின்று பார்த்தேன். ஒரு விரல் அளவுக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது.

மறுநாள் அவனும் கவனித்துவிட்டான். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "கழட்டிட்டுத் திருப்பி மாட்டுறேன்கா," என்று பைக்குள் கையை விட்டான்.

"வேண்டாம்டா. அப்படியே இருக்கட்டும்."

துணி வாங்க வருகிறவர்கள் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். படம் ஆடவில்லை.